குழாய் மேல் வெட்டிய பெயர்

துப்பாக்கி செய்தே பிழைக்கிற எங்கள் ஃபெர்லாக் ஊரில் ஒரு துப்பாக்கியைப் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் செய்தவனுக்குக் கோபம் வரும். வியன்னாவிலிருந்து வாங்க வருகிறவன் சொல்லுவான், அவனுக்கு என்ன தெரியும்? இந்த ஊரில் ஒரு துப்பாக்கிக்குக் கிடைக்கிற பெரிய பாராட்டு, 'திட்டுறதுக்கு ஒண்ணும் அகப்படல' என்பதுதான். அதையும் கடன்காரன் முகத்தோடுதான் சொல்லுவார்கள்.

திட்டுவதில் எங்களுக்கெல்லாம் தலைவர் காஸ்பர் மிக்குலா. தன் கல்யாணத்தன்று மாதாகோவில் வாசலில் மணப்பெண்ணை நிறுத்திவிட்டு, கதவுக் கீல் கோணல் என்று பாதிரியாரிடம் வாதாடியவர். அவர் கையில் கொடுத்த துப்பாக்கியை அவர் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டால், செய்தவன் அன்று ஊருக்கே ஆப்பிள் கள் வாங்கித் தருவான். அந்த மாதிரிக் கள்ளை நான் குடித்தது ரொம்பக் குறைவு.

நான் உர்பான். குழாய்க்காரன், பூட்டுக்காரன், மரக்காரன் என்று எல்லார் கையும் பட்ட பிறகு துப்பாக்கி கடைசியாக என்னிடம் வரும். மானும் இலையும் எழுத்தும் வெட்டுவது என் வேலை. மிக்குலா வீட்டு முற்றமும் என் பட்டறை முற்றமும் ஒன்று. பெண்டாட்டி போன பிறகு மத்தியானச் சாப்பாடும் எனக்கு அந்த வீட்டில்தான். ஆகையால் நடந்ததை நான் சொன்னால்தான் சரியாக இருக்கும். மரக்காரன் குவிரின் சொல்லுவதை நம்பாதீர்கள்.

நவம்பர் மாதம். மலை உச்சியெல்லாம் வெளுத்துவிட்டது. முற்றத்துத் தொட்டியில் பனிக்கட்டியை உடைத்து நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது காஸ்பரின் மருமகள் லோனி வந்தாள். முழங்கை வரை அரப்பொடி. அக்குளில் துணி சுற்றிய துப்பாக்கிக் குழாய்.

"அண்ணே, எழுத்து வெட்டணும்."

"வெட்டிட்டாப் போச்சு. எப்பவும் போலத்தானே? 'காஸ்பர் மிக்குலாவும் மகனும்'?"

"இல்லே. என் பேரு."

முகத்தில் இருந்த தண்ணீர் அப்படியே உறைந்துவிட்டது போலிருந்தது எனக்கு.

"ஏ பொண்ணே, வெறும் வயித்துல இருக்கிறவன்கிட்டப் பேசற பேச்சா இது?"

"இதுல யாரு கை பட்டிருக்கு, சொல்லுங்க. பூட்டு நான் செஞ்சேன். அக்ரூட் கட்டையை நான் இழைச்சேன். குழாயைப் பொருத்தினது நான், விசையை அராவினது நான். மாமாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சு வருஷம் எத்தனை ஆச்சு? அவர் ஒரு திருகாணிகூட முடுக்கல. அவரு..." என்று நிறுத்தினாள். "இன்னொருத்தர் இங்கே இல்லவே இல்ல."

அந்த இன்னொருத்தர் வாலண்டின். காஸ்பரின் ஒரே மகன், இவள் புருஷன். ரஷ்யச் சண்டைக்குப் போனவன். ஒரு தபால் அட்டை வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. செத்தான் என்றும் தகவல் இல்லை, பிடிபட்டான் என்றும் இல்லை. சண்டை முடிந்து கொஞ்ச வருடம் ஜெயித்தவர்கள் எங்களைத் துப்பாக்கி செய்யவே விடவில்லை. ஊரே கதவுப்பூட்டும் காபி அரைக்கிற மில்லும் செய்து வயிறு வளர்த்தது. லோனி அந்த மில்களை அராவி அராவித்தான் கையைப் பழக்கினாள். தடை நீங்கியதும் பழுது பார்க்கும் வேலைகள் வந்தன. அடியிலிருந்து முடிவரை அவளே செய்த முதல் துப்பாக்கி இதுதான். ஃபாரஸ்டர் ரூப்பர்ட்டுக்காக, மலையாடு சுடுவதற்கு, ஒற்றைக் குழாய் வைத்து மடக்கித் திறக்கிற இலேசான துப்பாக்கி. அரசாங்கச் சோதனைச்சாலையில் கூடுதல் வெடிமருந்து வைத்துச் சுட்டுப் பார்த்து முத்திரையும் குத்தியாகிவிட்டது. பெயர் வெட்டி, கருநீல மெருகு ஏற்றிக் கொடுக்கவேண்டியதுதான் பாக்கி.

"மாமனாரைக் கேளு, நான் வெட்டறேன்" என்றேன். "அவர்கிட்டே ஏச்சு வாங்கிக்க என்னால ஆகாது."

"கேக்கத்தான் போறேன். நீங்க பக்கத்துல இருங்க."

"அது எதுக்கு?"

"தட்டு பறந்தாப் பிடிக்கிறதுக்கு."

மத்தியானம் தயிர்க்கட்டியும் புதினாவும் வைத்த கொழுக்கட்டை. எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு, கொழுக்கட்டைக்கு ஓரம் மடிக்கத் தெரியாதவளுக்கு மாப்பிள்ளை கிடைக்க மாட்டான் என்று. லோனிக்கு எப்படிக் கிடைத்தானோ தெரியவில்லை. அவள் மடிக்கிற ஓரமெல்லாம் கொதிநீரில் வாய் பிளந்துவிடும். பாதி தயிர்க்கட்டி பானையில்தான் கிடக்கும். காஸ்பர் கரண்டியால் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

"இந்தப் பொருத்தம் துப்பாக்கியில இருந்தா சுடறவன் மூஞ்சி போயிடும்."

"துப்பாக்கியில ஒரு சிகரெட் தாள்கூட நுழையாது மாமா. நுழைச்சுப் பாருங்க."

"பாக்காமலா விடுவேன்? சனிக்கிழமை மேசையில வை."

"வைக்கிறேன். அதுக்கு முந்தி ஒண்ணு பேசணும்." கரண்டியைக் கீழே வைத்தாள். சுற்றி வளைக்கவில்லை. "குழாய் மேல என் பேரை வெட்டணும் மாமா."

கிழவர் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். அவர் கண் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். பட்டறைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் வாலண்டினின் கம்பளிக் கோட்டு தொங்குகிறது. சாம்பல் நிறம், பச்சைக் காலர், தடித்த ஆட்டுக்கம்பளி. வருடாவருடம் இலையுதிர்காலத்தில் லோனி அதைத் தூசி தட்டுவாள். பூச்சி அரிக்காமலிருக்கக் கிழவர் பைகளில் புது அக்ரூட் இலை போடுவார். சண்டை முடிந்த முதல் குளிர்காலத்தில் ஒரு மூட்டை சோளமாவுக்காகத் தன் கோட்டைக் கொடுத்துவிட்டு இரண்டு சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நடுங்கினாரே தவிர, அந்த ஆணிப் பக்கம் அவர் கை போகவில்லை. இப்போதும் வெறும் அரைச்சட்டைதான்.

"பேரு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு" என்றார்.

"இருக்கு. அதை நான் செய்யாத துப்பாக்கியில போடுங்க."

"லோனி, உனக்கு விளங்கல. ஒவ்வொரு துப்பாக்கியிலயும் 'மகனும்'னு வெட்டுற வரைக்கும் அவன் எங்கேயோ இருக்கான். போன மாசங்கூட ரஷ்யாவுல பிடிபட்ட ஆளுங்க வண்டியில வந்து இறங்கினாங்க, பாத்தியா இல்லையா? நாளைக்கு அவன் வந்து, என் பேரை ஏன் எடுத்தீங்கன்னு கேட்டா?"

"வரட்டும் மாமா. வரவேண்டாம்னு நான் சொன்னேனா? தினம் ராத்திரி ஜெபத்துல அவரு பேரைச் சொல்லாம நான் படுத்தது உண்டா? ஆனா இந்தக் கை..." இரண்டு கையையும் மேசைமேல் விரித்துவைத்தாள். நகமெல்லாம் கறுப்பு, பெருவிரலில் உளி பட்ட தழும்பு. "இந்தக் கைக்கு ஒரு பேரு இருக்கா இல்லையா?"

கிழவர் அந்தக் கைகளைப் பார்த்தார்.

"சரி, கேட்டுக்க. சனிக்கிழமை நான் பாப்பேன். ஒரு குறை, ஒரே ஒரு குறை நான் கண்டுபிடிச்சேன்னா இந்தப் பேச்சை அதோட விட்டுடணும். சாகறவரைக்கும்."

"கண்டுபிடிக்கலன்னா?"

"கண்டுபிடிப்பேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கொழுக்கட்டையை எடுத்தார்.

நான் முற்றத்தில் அவளைப் பிடித்துக்கொண்டு, "பைத்தியமா உனக்கு? அவர் ஆண்டவர் படைச்ச ஆப்பிள்லயே கோணல் கண்டுபிடிக்கிறவர். இப்படி ஒத்துக்கிட்டியே!" என்றேன்.

"அண்ணே, ரூப்பர்ட்டுக்கு நான் அளவெடுத்தப்போ நீங்க சிரிச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பிப்ரவரி மாதம், முழங்கால் வரை பனி. அடுப்புப் பக்கத்தில் நிறுத்தி அளக்காமல், அந்த ஆறடி மனிதனைக் கோட்டும் முதுகுப்பையுமாக முற்றத்தில் நிற்கவைத்து, 'உள்ளே வந்தா கழட்டுவே, அங்கேயே நில்லு' என்று அதட்டி அளவெடுத்தாள். மீசையில் பனி கட்டிக்கொண்டு அவன் நின்ற கோலத்தைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. அன்னைக்கு நீங்க சிரிச்சாலும் நான் நிறுத்தல. அதைச் சொல்றேன்" என்று உள்ளே போய்விட்டாள். திமிர் பிடித்தவள். எனக்கு அவளிடம் பிடித்ததே அதுதான்.

சனிக்கிழமை வந்தது. எங்கள் வழக்கப்படி புதுத் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டால் தொழிலில் இருக்கிற எவன் வேண்டுமானாலும் உள்ளே வந்து குறை தேடலாம். அன்று வந்தது மரக்காரன் குவிரின் மட்டும்தான். தொந்தியும் வாயும் சம அளவு. அவன் கட்டை செதுக்கிய துப்பாக்கிகள்தான் ஊரில் அதிகம், அந்தக் கர்வம் வேறு. அடுப்பில் பீச் விறகு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. எல்லாரும் வெளியே போட்டு வந்ததைக் கழற்றிவிட்டு அரைச்சட்டையோடு நின்றோம்.

"என்ன லோனி, இன்னைக்கு மேசையில கொழுக்கட்டை இல்லையா?" என்றான் குவிரின்.

"இருக்கு. முதல்ல இதை மெல்லு. பல்லு இருக்குதான்னு பாப்போம்."

குவிரின் பூட்டுப் பலகையைத் திருப்பினான். நான் வெட்டிய மலையாடு அதில் நின்றது. "இது யாரு வீட்டு நாய், உர்பான்?"

"உன் வீட்டுது. உன்னைப் பாத்ததும் வால் ஆட்டுது பாரு."

காஸ்பர் மேசையருகே வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு துப்பாக்கியை மூன்றாகக் கழற்றினார். குழாயை ஜன்னல் பக்கம் தூக்கி, கண்ணுக்கு நேரே பிடித்து, ஜன்னல் கம்பியின் நிழல் உள்ளே எப்படி ஓடுகிறது என்று பார்த்தார். குழாயில் எங்கேயாவது மயிரிழை வளைவு இருந்தாலும் அந்த நிழல் அங்கே ஒடியும். குழாயைக் கொஞ்சங் கொஞ்சமாக உருட்டினார். நிழல் ஒடியவில்லை.

பிறகு ஒரு நூலில் அதைக் கட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டினார். அடியில் பற்றவைத்த கொக்கி எங்கேயாவது பிடிக்காமல் இருந்தால் ஓட்டைப் பானை மாதிரி ஒலிக்கும். இது கணீர் என்றது. அந்தச் சத்தம் அடங்குகிற வரைக்கும் குவிரின்கூட வாயை மூடிக்கொண்டிருந்தான்.

"திருகாணியெல்லாம் பாருங்க அண்ணே" என்றான் பிறகு. "பொம்பளைங்க திருகாணி வெட்டினா ஒண்ணு கிழக்கே பாக்கும், ஒண்ணு மேற்கே பாக்கும்."

எல்லாத் திருகாணிக் கீறலும் குழாய் போகிற திசையிலேயே, கோவிலில் முட்டிபோட்டவர்கள் மாதிரி ஒரே நேராக இருந்தன. குவிரின் குனிந்து பார்த்தான், ஒவ்வொன்றையும் நகத்தால் தடவினான். அவன் தடவி முடித்ததும் லோனி அந்த இடத்தைத் துணியால் துடைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அடுத்தது கரி. கிழவர் விளக்கைக் கொளுத்தி, பூட்டின் முகத்தைச் சுடரில் காட்டிக் கரி ஏற்றினார். அவர் கை நடுங்கியது. லோனி பிடிக்கப் போனாள், 'தள்ளு' என்று உறுமினார். குழாயை மாட்டி மூடி, மறுபடி திறந்தார். இரண்டு இரும்பும் எங்கே தொடுகிறதோ அங்கே கரி ஒட்டியிருக்கும், தொடாத இடம் வெள்ளையாக நிற்கும். ஆளுக்கு ஆள் தலையை நீட்டிப் பார்த்தோம். ஓரம் வரைக்கும், மூலை வரைக்கும், எங்கும் ஒரே கறுப்பு. வெள்ளை என்று கடுகளவு இல்லை.

குவிரின் பெருமூச்சு விட்டான். "என் பெண்டாட்டியும் நானும்கூட இப்படிப் பொருந்தல" என்றான். அவனாகச் சொன்னதல்ல அது, தப்பி வந்துவிட்டது.

மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் சிகரெட் தாளை நுழைத்துப் பார்த்தார் காஸ்பர். சுற்றிலும் பார்த்தார். தாள்தான் கசங்கியது. மூடித் திறந்து, மூடித் திறந்து காதை வைத்துக் கேட்டார். அது 'டொக்' என்று ஒரே சொல்லாக மூடியது. லோனி கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள்.

கடைசியாகக் கிழவர் துப்பாக்கியைத் தோளில் ஏற்றினார். இறக்கினார். மறுபடி ஏற்றினார். மூன்றாவது தடவை ஏற்றியபோது அவர் முகம் மாறியது. சந்தோஷம் இல்லை அது. எனக்கு அவர் முகம் நன்றாகத் தெரியும்.

"கட்டை குட்டை" என்றார். "ஒரு விரல்கடை குட்டை."

குவிரின் வாங்கித் தன் தோளில் வைத்தான். "ஆமா. குட்டைதான்." அவன் குரலில் கேலி இல்லை. "அடடா! ரூப்பர்ட் ஆறடி ஆளாச்சே. லோனி, உன் தோளுக்கு வெச்சு அறுத்துட்டியா?"

நானும் வைத்துப் பார்த்தேன். குட்டைதான். இரும்பில் பிசகினால் அராவலாம். அறுத்த மரத்தை எப்படி வளர்ப்பது? நல்ல அக்ரூட் கட்டை, தேன் நிறத்தில் ஓடுகிற ரேகை, எல்லாம் போச்சு. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

காஸ்பர் கண்ணாடியைக் கழற்றினார். "குறை ஒண்ணு கண்டுபிடிச்சுட்டேன், லோனி." மெதுவாகத்தான் சொன்னார்.

"மாமா, மலையாட்டை எந்த மாசம் சுடுவாங்க?"

"இதென்ன கேள்வி? நவம்பர்லதான்."

"எங்கே?"

"மலை மேலே. எதுக்குடி இதெல்லாம்?"

"நவம்பர்ல மலை மேலே ரூப்பர்ட் அரைச்சட்டையோடவா நிப்பாரு?"

குவிரின் குனிந்து தன் அரைச்சட்டையைப் பார்த்துக்கொண்டான். அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது. அட முட்டாள்களே என்று எனக்குள் நானே சொல்லிக்கொண்டேன். பரம்பரையாகத் துப்பாக்கி செய்கிற மூன்று பேர், அடுப்பங்கரையில் வேர்த்துக்கொண்டு நின்று, பனியில் சுடவேண்டிய துப்பாக்கியை அளந்துகொண்டிருந்தோம்.

"கோட்டுப் போட்டுக்கிட்டுப் பாருங்க மாமா. கோட்டுக்கனத்தையும் முதுகுப்பை வாரையும் கழிச்சு வெச்ச அளவு அது."

"என்கிட்ட ஏது கோட்டு?"

குவிரின் தன் கோட்டை எடுத்துக் கொடுத்தான். நகரத்துக் கடையில் வாங்கிய மெல்லிசுத் துணி. லோனி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இது காத்துக்குக்கூடப் பத்தாது." பிறகு பட்டறைக் கதவுப் பக்கம் போய், ஆணியிலிருந்து வாலண்டினின் கோட்டை எடுத்தாள்.

"அதைத் தொடாதே!" என்றார் காஸ்பர்.

"ரூப்பர்ட்டோடதும் இதே கம்பளிதான் மாமா. இதே கனம்." இரண்டு கையாலும் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நின்றாள். கை இறங்கவில்லை. "நியாயமாப் பாருங்க. வேற ஒண்ணும் கேக்கல. நீங்க எல்லாத் துப்பாக்கிக்கும் நியாயமாப் பாத்தவர். இதுக்கும் பாருங்க."

கிழவர் அவளைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். குவிரின் வாயைத் திறந்தான், நான் அவன் காலை மிதித்தேன்.

காஸ்பர் திரும்பி நின்று ஒரு கையை நீட்டினார். பிறகு இன்னொரு கையை. லோனி தோளில் ஏற்றிவிட்டாள். மகனுடைய கோட்டு அவருக்குக் கொஞ்சம் பெரிசு. கை தானாகப் பைக்குள் போயிற்று. உள்ளேயிருந்த அக்ரூட் இலை நொறுங்குகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். லோனி முதுகுப்பையின் வாரை அவர் தோளில் மாட்டிவிட்டு, துப்பாக்கியைக் கையில் கொடுத்தாள்.

ஏற்றினார்.

அவர் ரூப்பர்ட் இல்லை என்றாலும் கிட்டத்தட்ட அதே உயரம். கட்டை போய் அந்தக் கம்பளியில் உட்கார்ந்த உட்காரலை நான் பார்த்தேன். கன்னம் மரத்தில் படிந்தது, கண் தானாகக் குழாயின் நேர்க்கோட்டில் நின்றது. அந்த நேரத்துக்கு அவருடைய கைநடுக்கம்கூட நின்றுபோனது போலிருந்தது. இறக்கினார், கண்ணை மூடி மறுபடி ஏற்றினார், திறந்தார். ஜன்னலுக்கு வெளியே மலை உச்சியைக் குறி பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

துப்பாக்கியை மேசையில் வைத்தார். கோட்டைக் கழற்றவில்லை.

"குறை ஒண்ணு இருக்கு" என்றார்.

"அண்ணே, போதும் அண்ணே!" குவிரின் தாங்கமாட்டாமல் கத்திவிட்டான். "நானே சொல்றேன், திட்டுறதுக்கு ஒண்ணும் அகப்படல! பனியில கிடந்து சாகட்டும் என் பேரு, நான் சொல்லிட்டேன்!"

"நீ சும்மா இருடா. பாத்தவன் நான். குறை இருக்கு." குழாயின் மேல் விரலை வைத்தார். "இங்கே ஒண்ணும் எழுதல. இவ்வளவு பெரிய குறையை எவனாவது விடுவானா?"

லோனி அவரைப் பார்த்தாள். "ஒரு குறை கண்டுபிடிச்சா இந்தப் பேச்சை விட்டுடணும்னு சொன்னீங்களே மாமா."

"ஆமா. நீ விட்டுடு. இனிமே நான் பேசறேன்." என் பக்கம் திரும்பினார். "உர்பான், போய் உளி எடுத்துக்கிட்டு வா. முழுப் பேரையும் வெட்டு. அப்பொலோனியா மிக்குலா."

நான் ஒரு மடையன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அப்போ 'மகனும்'?" என்று கேட்டுவிட்டேன்.

கிழவர் கோட்டின் பச்சைக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"வாலண்டின் வருவான். வந்து ஒரு துப்பாக்கி செய்வான். அதுல அவன் பேரைப் போட்டுக்கட்டும். அடுத்தவ செஞ்சதுல அவன் பேரு எதுக்கு? என் மகன் திருடன் இல்ல."

லோனி முகத்தை இடுப்பில் கட்டிய வேலைத்துணியால் மூடிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, "கொழுக்கட்டை பானையில வெந்து கூழாப் போயிருக்கும்" என்றாள். குவிரின் போய்ப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு, அத்தனையும் வாய் பிளந்துவிட்டது என்று அறிவித்தான். அதையே கரண்டி கரண்டியாக அள்ளித் தின்றோம். ஆப்பிள் கள் கொண்டுவர குவிரின்தான் வீட்டுக்கு ஓடினான். கள் கிடைத்த சனிக்கிழமைகளில் அது ஒன்று.

கள்ளுக்கு முன்னால் நான் வேலையை முடித்துவிட்டேன், பிறகு கை நிற்காது. குழாயை இடுக்கியில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். காஸ்பர் அந்தக் கோட்டோடே வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். அன்றிலிருந்து அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் அதைக் கழற்றவில்லை. முதல் எழுத்து இடப்பக்கம் சாய்கிறது என்றார். இரண்டாவது எழுத்துக்குத் தொப்பை என்றார். முப்பது வருடமாக எழுத்து வெட்டுகிறவனிடம் உளி பிடிக்கிற விதம் சரியில்லை என்றார். நான் பொறுத்துக்கொண்டேன்.

கடைசி எழுத்துக்கு வந்ததும் கிழவர் குனிந்து, வெட்டிய பெயரின்மேல் பெருவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"இன்னும் ஆழமா வெட்டுடா" என்றார். "தேயக் கூடாது."